கப்பல் ஏறியவரின் தங்கச்சி

எனக்குப் பிறந்த நாள் கொடுத்தது மனு அக்கா.

ஓட்டு அட்டைக்கு எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன். அப்போது அவர் கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். பிறந்த தேதி கேட்டார். தெரியாது என்றேன்.

"மாம்பழம் இருந்துச்சா?" என்றார்.

"எப்பக்கா?"

"நீ பொறந்தப்போ."

"எங்கம்மா மாம்பழம் துன்னுச்சுன்னு சொல்லும்."

"அப்ப வைகாசி. மழை பேஞ்சுதா?"

"தெரியலக்கா."

"பேஞ்சுது," என்று எழுதினார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு தேதி இருக்கிறது. எங்கள் தெருவில் அதே தேதியில் இன்னும் பல பேர் பிறந்திருக்கிறார்கள். எல்லாரும் அக்காவிடம் எழுதிக்கொண்டவர்கள்.

அக்காவுக்குக் காலிக் கட்டம் ஆகாது. தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தாலும் அதே முகம்தான். நிற்கிற யாரையாவது கைகாட்டிக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்.

"இல்லன்னு எழுதனா ஆபீசரு திருப்பி அனுப்புவான். தெரியலன்னு எழுதனா நாயைத் தொரத்தற மாதிரி தொரத்துவான். எதையாச்சும் எழுது. எழுதிட்டா அது இருக்கும்," என்பார்.

அது உண்மைதான். வடக்கனந்தலில் இருந்து ஓர் அம்மா வந்தது. கூலி வேலைக்குப் போகிற அம்மா. கணவர் என்ன வேலை என்று ஒரு கட்டம் இருந்தது.

"ஓடிப் போயிட்டாருக்கா," என்றது அந்த அம்மா.

"ஓடிப் போறது ஒரு வேலையா? அதுக்குக் கட்டம் கெடையாது," என்றார் அக்கா. வெளியூரில் கட்டட வேலை என்று எழுதினார்.

ரொம்ப நாள் கழித்து அதே அம்மாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பூ வைத்திருந்தது. வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று யாரோ கேட்டார்கள்.

"இப்ப மேஸ்திரியா ஆயிட்டாருங்க," என்றது.

அக்காவின் வீட்டுக்காரர் பற்றி யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருவரிடம் மிலிட்டரி என்றார். இன்னொருவரிடம் காலமாகிவிட்டார் என்றார். நான் கேட்டதில்லை. அக்காவின் மூக்குக் கண்ணாடியில் ஒரு காது உடைந்து நூல் கட்டியிருந்தது. நின்றுகொண்டே சாப்பிடுவார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிறகு மேசை போய் கடை வந்தது. ஜெராக்ஸ் மிஷின், இரண்டு கம்ப்யூட்டர். நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஸ்டாண்டு அவர் கடைக்கு எதிரில். சவாரி இல்லாதபோது அவர் கடை பெஞ்சில் உட்காருவேன். அங்கே மின்விசிறி உண்டு.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"தோ பாரு. இதுக்குப் பேரு மரம்."

எனக்கு மரம் மாதிரி தெரியவில்லை. முட்டை அடுக்குகிற அட்டை மாதிரி இருந்தது. கட்டம் கட்டமாக. கீழே ஓர் ஆள் பெயர். மேலே அவன் அப்பன், ஆத்தாள். அதற்கு மேலே தாத்தாக்கள். மேலே போகப் போகப் பெயர் இல்லை. வெறும் ஆள் நிழல்.

"எத்தினி கட்டம் காலியா கெடக்குது பாரு," என்றார் அக்கா. அழுதுவிடுவார் போல இருந்தது.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் நம் பக்கத்து ஆட்களைக் கப்பலில் ஏற்றிக் கரும்பு வெட்டக் கொண்டுபோனார்கள். அவர்கள் பேரப் பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது நெட்டில் ஊர் தேடுகிறார்கள். ஏற்றும்போது எழுதி வைத்த தாள்களைப் போட்டோ பிடித்து நெட்டில் போட்டிருக்கிறார்கள். பெயர், அப்பன் பெயர், வயது, சாதி, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் எங்கே தழும்பு. சந்தையில் மாடு பார்ப்பவன் பார்க்கிற மாதிரி பார்த்து எழுதியிருக்கிறான். தேடுகிறவர்களுக்கு உதவி செய்ய ஆட்கள் தேவை என்று ஓர் இடத்தில் போட்டிருந்தது. அக்கா தன் பெயரைக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு இங்கிலீஷ் கம்மி. வருகிற கடிதத்தைக் கம்ப்யூட்டரே தமிழில் மாற்றிக் கொடுக்கும். அதில் பாதி புரியும். மீதியை அக்கா போட்டுக்கொள்வார்.

ஆள் தேட என் காரில்தான் போவோம். கிராமத்தில் போய் இறங்கியதும் முதலில் கண்ணில் படுகிறவரிடம் கேட்பார்.

"உங்க வூட்ல எவனாச்சும் ஓடிப் போனானா?"

சில பேர் அடிக்க வந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் யோசித்தார்.

"ஓடாதவன் யாரும்மா? நானே ரெண்டு தபா ஓடனேன். பசி எடுத்துச்சு. வந்துட்டேன்."

"வராம போனவங்க?"

"எங்க சித்தப்பா ஒருத்தரு. பொண்டாட்டி கூட சண்டை. கோவிச்சிக்கினு போனாரு."

"கப்பலா?"

"கப்பலா? பஸ்ல போனாருன்னு சொல்லுவாங்க."

"கப்பல் ஏறவும் பஸ்ல தான போவணும்," என்றார் அக்கா. நான் காரைத் திருப்பினேன். அந்தச் சித்தப்பா போன காலத்தில் வெள்ளைக்காரனே இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

"எல்லாம் பார்த்துக்கினு இருந்தா கட்டம் நெறையாதுப்பா," என்றார்.

இப்படித்தான் இந்தத் தாலுகாவில் கிணற்றில் விழுந்தவன், டீ எஸ்டேட்டுக்குப் போனவன், அணை கட்டப் போய் வராதவன் எல்லாரும் கப்பல் ஏறினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ படித்துவிட்டு அழுதார்கள். அக்காவுக்கு நன்றி எழுதினார்கள். போட்ட கட்டத்தை அக்கா திரும்பிப் பார்க்க மாட்டார். அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்று ஓர் ஊர். அங்கிருந்து ஒருவர் வந்தார். வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல உயரம். மெட்ராஸ் ஏர்போர்ட்டில் இருந்து நான்தான் அழைத்து வந்தேன். அவருக்குத் தமிழ் வராது. போனிடம் பேசுவார். போன் தமிழில் சொல்லும். செய்தி வாசிக்கிற குரல்.

உளுந்தூர்பேட்டையில் டீ குடித்தோம். கள்ளக்குறிச்சி ரோட்டில் திரும்பியதும் கரும்புக் கொல்லைகள் வந்தன. நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்க் கரும்பைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"இங்கேயே இவ்வளவு கரும்பு இருக்கும்போது என் மூதாதையர் எதற்காகக் கடல் கடந்தார்?" என்று போன் கேட்டது.

"அப்ப இங்க கரும்பு இல்ல சார். ஆலை வந்தப்பறம் போட்டது," என்றேன்.

போன் அதை எப்படிச் சொன்னதோ, அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் வீட்டில் வழிவழியாக ஒரு பேச்சு இருந்ததாம். கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கப்பல் ஏறினார், இரண்டு பேர் ஊரில் தங்கினார்கள். கப்பல் தாளில் தாலுகா தெளிவாக இருந்தது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சி அரித்திருந்தது. ஆளின் பெயர், நம் பக்கம் கல்லெறிந்தால் யார் தலையிலாவது விழுகிற பெயர்.

கடையில் அக்கா தயாராக இருந்தார். டர்பன்காரர் கும்பிட்டார். என் குடும்பம் எங்கே என்று போன் கேட்டது.

"கூடவே தான வந்தீங்க," என்றார் அக்கா. என்னைக் காட்டினார். "இவரு உங்க பங்காளி. தம்பி முறை."

நான் கார் சாவியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கே அப்போதுதான் தெரியும்.

அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு பின் சீட்டில் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டார்.

தனியாக அக்காவைக் கேட்டேன்.

"இன்னாக்கா இது?"

"உங்க தாத்தாவுக்கு அப்பன் பேரு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கு அண்ணன் இருந்தானா?"

"தெரியாதுக்கா."

"அப்ப இல்லன்னு சொல்ல உன்கிட்ட இன்னா ருசு இருக்குது?"

என்னிடம் ருசு எதுவும் இல்லை.

எங்கள் குலசாமி முனியப்பன். கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. டர்பன்காரர் அங்கே மண்ணில் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க நேரம் ஆனது. நான்கூட அப்படி விழுந்ததில்லை. பிறகு மலை மேலே போகலாம் என்றார். வெள்ளிமலை ஏறுகிற வளைவுகளில் வாந்தி எடுத்தார்.

"பாத்தியா? அவங்க தாத்தா கப்பல்ல எடுத்த வாந்தி. ரத்தத்துல வருது," என்றார் அக்கா.

அவர் ஊருக்குப் போனார். ஊரில் தங்கிய இரண்டு பேரில் ஒரு கட்டம் என் குடும்பம். இன்னொரு கட்டம் காலி. அக்காவுக்குத் தூக்கம் வந்திருக்காது. அந்தச் சமயத்தில் மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் பட்டா நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். பெண்ணையாற்று ஓரம் குத்தகைக்கு நெல் வைக்கிறவர். எங்கள் முன்னோருக்கும் அண்ணன் தம்பி இருந்தார்களாம், எங்கே போனார்களோ என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அக்கா போட்டுவிட்டார். எனக்கு அது தெரியாது.

அதே மணலூர்பேட்டைக்காரரை நானும் அந்தக் கடை பெஞ்சில்தான் பழக்கம் பிடித்தேன். அவருக்கு ஒரு மகன். உளுந்தூர்பேட்டையில் லாரி மெக்கானிக். எனக்கு ஒரு மகள், செல்வி. ஜவுளிக்கடையில் வேலை. சாதி ஒன்று. குலசாமி வேறு வேறு. எங்களுக்கு முனியப்பன், அவர்களுக்கு அங்காளம்மன். அதனால் பங்காளி இல்லை, பெண் கொடுக்கலாம். ஜாதகம் பார்த்தோம். பொருந்தியது. பிள்ளைகள் போனில் பேச ஆரம்பித்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயம் செய்தோம். மண்டபம் பேசினோம்.

ஒரு நாள் மணலூர்பேட்டைக்காரர் போன் செய்தார். எப்போதும் சம்பந்தி என்பார்.

"பங்காளி," என்றார்.

காரை ஓரம் கட்டினேன்.

"எங்க அக்கா பையன் நெட்ல பார்த்தான். உங்க வூடும் எங்க வூடும் ஒரே மரத்துல கீது. அண்ணன் தம்பி புள்ளைங்களாம் நாம்ப. அப்பிடின்னா உங்க பொண்ணும் எங்க பையனும் இன்னா? அண்ணன் தங்கச்சி. தங்கச்சி கழுத்துல தாலி கட்டச் சொல்றீங்களா?"

கல்யாணம் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டார்.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் அழுதாள். செல்வி அழவில்லை. சாப்பிட்டாள். வேலைக்குப் போனாள். திரும்பி வந்தாள். யாரிடமும் பேசவில்லை. அப்படியே பல நாள். போன் அடித்தால் எடுத்துப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். நிச்சயம் ஆகி நின்றுபோன பெண்ணை நம் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் மட்டும் என்னிடம் கேட்டாள்.

"ஏம்ப்பா, அந்த அக்காவுக்கு நாம்ப இன்னா பண்ணோம்?"

மணலூர்பேட்டைக்காரரைக் கெஞ்சி ஒரு தடவை கடைக்கு வரவழைத்தேன். அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கையில் வேலை இல்லாமல் அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது அபூர்வம்.

"நான்தாங்க போட்டேன்," என்றார் அவரிடம். "எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் இவருக்கும் எந்த ஒறவும் இருக்கிறதா எனக்குத் தெரியாது. கட்டம் காலியா இருந்துச்சு. போட்டுட்டேன்."

தெரியாது என்று அக்கா சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மணலூர்பேட்டைக்காரர் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியாதது நெட்டுக்கு எப்பிடிம்மா தெரிஞ்சுது?"

"நான்தாங்க நெட்ல..."

"டர்பன்காரரு கடல் தாண்டி வந்து முனியப்பன் கோயில்ல வுழுந்து கும்புட்டாரு. படிச்ச மனுசன். வாத்தியாரு. சும்மாவா வந்தாரு? இந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு நீங்க பொய் சொல்றீங்க. நல்ல மனசும்மா உங்களுக்கு. ஆனா பாவம் வந்து சேருமில்ல?"

"சாமி வேற வேறயா இருக்குதுங்களே," என்றேன்.

"நடுவுல எவனாச்சும் மாத்திக்கினு போயிருப்பான். ஆளு மறப்பான். நெட்டு மறக்காது."

"அழிச்சிடுங்கக்கா," என்றேன்.

"அழிச்சா ரத்தம் மாறிடுமா?" என்றார் அவர். துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

அக்கா வாழ்க்கையில் சொன்ன ஒரே நிஜம். அதை வாங்க ஆள் இல்லை.

அவர் படி இறங்கும்போது அக்கா கூப்பிட்டார்.

"இருங்க. மூணு பேருன்னு தான சொன்னாங்க?"

"யாரு?"

"டர்பன்காரரு வூட்ல. கூடப் பொறந்தவங்க மூணு பேரு. மூணும் ஆம்பளைன்னு யாரு சொன்னாங்க?"

அவர் நின்றார். அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"இங்க வாங்க. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ஒருத்தர் கப்பல் ஏறனவரு. ஒருத்தர் இவங்க தாத்தாவுக்கு அப்பா. மூணாவது தங்கச்சி. அந்தத் தங்கச்சியைத்தான் மணலூர்பேட்டைக்குக் கட்டிக் குடுத்திருக்காங்க. உங்க தாத்தாவோட அம்மா."

மணலூர்பேட்டைக்காரர் திரையில் குனிந்தார்.

"பேரு?"

அக்காவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு தட்டியது.

"முத்தம்மா," என்றார்.

ஆண் நிழல் பெண் நிழலாக மாறியது. கீழே பெயர் வந்தது. அவர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"அப்ப எங்க கொள்ளுப்பாட்டி உங்க வூட்டுப் பொண்ணு."

"ஆமாங்க."

"அப்ப என் புள்ள..."

"அத்தை வழி," என்றார் அக்கா.

"அப்ப செல்வி எங்களுக்கு முறைப் பொண்ணு!" மேசையில் ஓங்கித் தட்டினார். என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "உரிமைப் பொண்ணுங்க. வேற எவனுக்காச்சும் குடுக்கறேன்னு நெனைச்சீங்கன்னா வெட்டுக்குத்து ஆயிடும், சொல்லிட்டேன்."

நான் வேறு யாருக்கும் கொடுப்பதாக நினைக்கவில்லை என்று சொன்னேன்.

டர்பன்காரர் அன்றே போன் செய்தார். அவர் மரத்தில் யாராவது கை வைத்தால் அவருக்குத் தகவல் போகுமாம். "எனக்கு ஒரு கொள்ளுப்பாட்டனாரின் சகோதரி கிடைத்திருக்கிறார்," என்று போன் சொன்னது. பின்னால் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படையல் வைப்பார்கள். பூவோடும் பொட்டோடும் செத்துப்போன அந்த வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. தண்ணீர்க் கரையில் பம்பை அடித்து அழைக்க வேண்டும். யார் மேலாவது வந்து, கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் சம்மதம் இல்லை. தாலி கட்ட மாட்டார்கள்.

"முத்தம்மாவுக்கு இத்தினி வருசமா யாருமே போடல," என்றார் மணலூர்பேட்டைக்காரர். "அதான் எங்க வூட்ல ஒண்ணும் வெளங்கல. அவங்களை அழைச்சுக் கேட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். பொறந்த வூட்டுச் சீரா நீங்க ஒரு பொடவை கொண்டாந்துடுங்க."

என் சம்சாரத்திடம் சொன்னேன்.

"பொறக்காதவளுக்கு நான் பொடவை எடுக்கணுமா?" என்றாள்.

"எடு."

"இன்னா கலரு?"

அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"பச்சை எடு," என்றார். "கரும்பச்சை வேணாம். அவங்க செவப்பு. கிளிப்பச்சைதான் எடுப்பா இருக்கும்."

காலையில் பெண்ணையாற்றில் கூடினோம். ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாகப் போனது. மணலில் கோலம் போட்டு, செம்பில் பூ வைத்து, பக்கத்தில் புடவை, வளையல், மஞ்சள் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தலை குளித்து ஈரக் கூந்தலோடு வரிசையாக நின்றார்கள். மணலூர்பேட்டைக்காரரின் அக்கா பையன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். போனுக்குள் டர்பன்காரர் இருந்தார். அங்கே அவரும் தட்டில் சூடம் ஏற்றி வைத்திருந்தார்.

பம்பைக்காரர் அடித்தார். முத்தம்மா, முத்தம்மா என்று பாடி அழைத்தார். ஆற்றங்கரை முத்தம்மா, பொன்னான முத்தம்மா, அண்ணன் கப்பலேற அழுத முத்தம்மா. நன்றாகத்தான் பாடினார்.

யாருக்கும் வரவில்லை.

மறுபடி அடித்தார். வெயில் ஏறியது. மணல் சுட ஆரம்பித்தது. ஈரக் கூந்தல்கள் காய்ந்துவிட்டன. ஒரு பெண் லேசாக ஆடினாள். எல்லாரும் பார்த்தோம். கால் மாற்றி நின்றிருக்கிறாள்.

"வரலன்னா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"வரலன்னா இஷ்டம் இல்லன்னு அர்த்தம். இன்னாவோ ஒரு கொறை," என்றது ஒரு கிழவி.

பம்பைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். என் மகள் வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இல்லாத ஒருத்தி வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதை யாரிடம் சொல்வது?

நான் அக்காவைத் தேடினேன். கடைசி வரிசையில் தோள் பையோடு நின்றிருந்தார். கோலத்துக்கு நடுவே காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பை கீழே விழுந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கண்ணாடி எங்கேயோ போனது. முடி அவிழ்ந்தது. அவருக்கு அவ்வளவு முடி இருந்தது எனக்குத் தெரியாது. கோலத்தின் நடுவில் நின்று பல்லைக் கடித்தார். பம்பை வேகம் எடுத்தது.

"கட்டிக் குடுத்தீங்க. கொண்டாந்து வுட்டீங்க. ஒரு நாளு வந்து பார்த்தீங்களாடா?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்டார். அது அவர் குரல் இல்லை. "ஒருத்தன் கப்பல்ல போயிட்டான். நீ இங்கதான இருந்த? எட்டிப் பார்த்தியாடா?"

நான் கை கூப்பினேன். வேறு என்ன செய்வது.

"தாயே, நீ இன்னாரு, எந்த வூட்டுப் பொண்ணுன்னு பேரைச் சொல்லு," என்றார் பம்பைக்காரர்.

"அஞ்சலை," என்றார் அக்கா.

பம்பை நின்றது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மணலூர்பேட்டைக்காரர் முன்னால் வந்தார்.

"முத்தம்மா இல்லைங்களா? நெட்ல முத்தம்மான்னு..."

பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"அஞ்சலைடா! என் பேரு எனக்குத் தெரியாதா?"

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"எங்கண்ணன் வூட்டுக் கொழுந்தைக் கொண்டாங்கடா," என்றார் அக்கா. "எனக்குச் சம்மதம்." அப்படியே சாய்ந்தார். பெண்கள் தாங்கிக்கொண்டார்கள். போனுக்குள் டர்பன்காரர் சத்தமாக அழுதார்.

புறப்படும்போது மணலூர்பேட்டைக்காரர் கார் ஜன்னலில் குனிந்தார். ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்திருந்தன.

"அக்கா, நெட்ல தப்பா கீதுங்க. அஞ்சலைன்னு மாத்திடுங்க."

"சரிங்க," என்றார் அக்கா.

பாதி வழியில் அக்கா தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்.

"எந்தப் பேரைச் சொன்னேன்?"

"அஞ்சலைன்னீங்க."

"நானா?"

"ஆமாக்கா."

அறைந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சிவந்திருந்தது. நடித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருப்பார். சொல்லிவிட்டால் அது இருந்துவிடும். வண்டி ஓட்டினேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

அக்கா இப்போது கள்ளக்குறிச்சியில் இல்லை. கடையை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள். மகளே கிடையாது என்றும் சொல்கிறார்கள்.

மணலூர்பேட்டையில் வருடா வருடம் அஞ்சலைக்குப் படையல் போடுகிறார்கள். படையலில் வைத்த புடவையை அந்த வீட்டு மருமகள்தான் கட்ட வேண்டும். போன தடவை போனபோது செல்வி அந்தக் கிளிப்பச்சையைக் கட்டிக்கொண்டு வந்து சோறு போட்டாள். வயிற்றில் ஐந்து மாதம்.

"யாருப்பா இந்த அஞ்சலை?" என்றாள்.

"உனக்கு அத்தை ஆவணும்," என்றேன்.

நல்ல புடவை. இன்னும் சாயம் போகவில்லை.